மூன்று அங்குலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம். எனக்கு இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி எட்டு மாதம். நாகர்கோவிலில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் என் மனைவியும் தோவாளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் அவளுக்கு முன் பெஞ்சில் ஓரமாக இடம் கிடைத்திருந்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வடசேரியில் ஒரு ஆள் ஏறினான். தாட்டியான உடம்பு, தோளில் சரிகைத் துண்டு. நேராக அவளிடம் வந்து, "ஏட்டி, எந்திரிச்சு அங்கோட்டு நில்லு" என்றான்.

"பொம்பளையாக்கும். பொறவுக்கு எடம் கெடக்குல்லா?" என்றேன் நான். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் என்னைத் தள்ளவும் இல்லை, அடிக்கவும் இல்லை. இரண்டு கைகளாலும் என் கக்கத்தில் பிடித்துத் தூக்கி, பூக்கூடையை இறக்குவதுபோல ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு, "பாத்து நில்லும், காத்து கொண்டு போயிரும்" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர்கூடச் சிரித்தார். என் மனைவி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். பஸ் போய்விட்டது.

தோவாளை வரை நடந்தோம். வழியில் ஒருமுறை, "கால் வலிக்கா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாள். அதற்குமேல் பேச்சில்லை. அவள் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அன்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் அப்போது தோவாளையில் ஒரு பூக்கடையில் வேலை பார்த்தேன். காலையில் வந்து குவிகிற பிச்சியையும் அரளியையும் எடை போட்டு, ஈரத் துணி சுற்றிக் கூடைகளில் அடைத்து, திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்திருந்ததால் சீட்டு எழுதுவதும் என் வேலைதான். சின்ன வயதில் வந்த ஒரு விஷக்காய்ச்சல் என்னை விட்டுப் போனபோது சதையையும் கொண்டு போய்விட்டது. கடையில் யாரும் என் பெயரைச் சொன்னதில்லை. 'ஈர்க்கில்', அதாவது விளக்குமாற்றுக் குச்சி, என்றுதான் கூப்பிடுவார்கள். வேதக்கோவில் ஆராதனைக்குப் போனாலும் கடைசி வரிசையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருப்பேன்.

அந்தப் பஸ் விஷயம் என் மனைவியின் அண்ணன் காதுக்கு எப்படியோ போய்விட்டது. என்னைவிட நாலு வயது மூத்தவர். ரோட்டு மராமத்தில் கல் உடைப்பவர்களுக்கு மேஸ்திரி. கடப்பாரையை ஒற்றைக் கையால் தோளில் எறிந்து பிடிக்கிற ஆள். மறுவாரமே வீட்டுக்கு வந்தார். வந்தவர் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஓய் மாப்பிள, அடுத்த வருசம் போலீசுக்கு ஆள் எடுக்கப் போறாவளாம். நம்ம சாதிக்கூட்டத்துலயும் எடுப்பாவன்னு இந்தத் தடவைதான் பேச்சு வந்துருக்கு. எழுதப் படிக்கத் தெரியணும், அது எனக்கு இல்ல, உமக்கு உண்டு. நெஞ்சளவு வேணும், அது எனக்கு உண்டு, உமக்கு இல்ல."

அவர் தன் இடுப்பில் இருந்த நூலை எடுத்து என் மார்பைச் சுற்றிப் பிடித்தார். சாலை அளப்பதற்கு அவர் வைத்திருந்த அளவுகோலில் நூலை வைத்துப் பார்த்து, "மூணு அங்குலம் கொறையுது வேய். மூச்சு இழுத்துப் பிடிச்சும் மூணு" என்றார்.

"ஒரு வருசம் இருக்குல்லா?" என்று கேட்டது நான் அல்ல. அடுக்களை வாசலில் நின்ற என் மனைவி.

"இருக்கு. ஆனா இந்த உடம்பு தாங்குமா பிள்ள?"

"அவிய செய்வாவ. நீ சொல்லிக்குடு அண்ணா" என்றாள்.

மறுநாள் விடியலிலேயே தொடங்கிவிட்டோம். மச்சானுக்குப் பாடமுறை எதுவும் தெரியாது. வேலை வாங்கத் தெரியும். வீட்டிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்து ஓட வேண்டும். ஆனி, ஆடியில் அந்தக் கணவாய்க் காற்றை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிற்கிறவனையே நகர்த்திவிடும். திரும்பும்போது அதற்கு எதிரே மார்பைக் கொடுத்து ஓடச் சொன்னார். மலையடிவாரம் போனதும் அவர் மராமத்துக் குவியலிலிருந்து பொறுக்கிப் போட்டிருந்த கருங்கல்லைத் தோளில் ஏற்றி, பாறைச் சரிவில் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. பிறகு தண்டால், பஸ்கி. திரும்பி வந்து குளத்தில் அக்கரை தொட்டு நீச்சல். அதன்பிறகு பூக்கடை.

முதல் வாரம் பாதி வழியில் வாந்தி எடுத்தேன். தண்டால் ஆறு எடுத்தேன், ஏழாவதில் முகம் மண்ணில் விழுந்தது. கல்லைத் தூக்கிய தோள் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். மனைவி வெந்நீர் தொட்டுத் தொட்டுச் சட்டையைப் பிரித்து எடுப்பாள். மூன்றாவது வாரம் நான் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, "என்னால ஒக்காது மச்சான், விட்டுருங்க" என்று அழுதேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "செரி, போலாம். ஆனா வீட்டுல போயி அவகிட்ட நீரே சொல்லும்" என்றார். நான் எழுந்து ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்குப் போகும் முன்பு அவள் என்னை அளப்பாள். பூக்கட்டுகிற வாழைநாரில் ஒன்றை அதற்கென்றே வைத்திருந்தாள். "மூச்ச விடுங்க. இப்ப இழுங்க. பிடிங்க." நகத்தால் கீறி அடையாளம் வைப்பாள். ஒரு நெல் அளவு கூடியிருந்தாலும் அவள் முகத்தில் தெரிந்துவிடும்.

அப்படி உழைக்கிற உடம்புக்குத் தீனி வேண்டும். எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் கஞ்சியும்தான் அன்றாடம். சாளை மலிவாக வந்தால் மீன் குழம்பு. மச்சான் சொன்னார், முட்டை வேண்டும், உளுந்தங்கஞ்சி வேண்டும், பால் வேண்டும் என்று. வீட்டில் இரண்டு கோழிகள் நின்றன. ஒரு ஆட்டைத் தாய்வீட்டிலிருந்து அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள். கோழி இட்ட முட்டையெல்லாம் எனக்கு வந்தது. ஆடு கறந்த பால் எனக்கு வந்தது. மீன் துண்டுகள் என் தட்டில் இருந்தன, அவள் தட்டில் குழம்பு இருந்தது.

ஒருநாள் நான் கேட்டேன், "நீ ஒரு முட்டையாவது தின்னக்கூடாதா?" என்று.

"அய்யே, எனக்கு அந்த மணமே ஆவாது. கொமட்டிட்டு வரும். நீங்க தின்னுங்க."

நான் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஆறு மாதத்தில் உடம்பு திரும்பிவிட்டது. தோள் எலும்பு சதைக்குள் போய் மறைந்தது. கல்லோடு சரிவில் ஏறும்போது பாட்டு பாட மூச்சு மிச்சம் இருந்தது. உடம்பு மாறியதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது குரல் மாறியதுதான். ஒருநாள் சந்தையில் எடை போடக் காத்து நின்ற பூக்காரப் பெண்களை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு ஒரு வியாபாரி முன்னால் வந்தான். "அண்ணாச்சி, அவிய கழிஞ்சு வாரும்" என்றேன். உரக்கச் சொல்லவில்லை. அவன் என் கையைப் பார்த்தான், நெஞ்சைப் பார்த்தான், பின்னால் போய் நின்றான். அன்றிலிருந்து கடையில் யாரும் ஈர்க்கில் என்று கூப்பிடவில்லை. முதலாளி என்னை 'தம்பி' என்றார். ஆராதனையில் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். குளத்தில் இறங்கும் முன் தண்ணீரில் என் உருவத்தைக் குனிந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். அந்த மாதங்களில் நான் என்னைப் பார்த்த அளவுக்கு வேறு யாரையும் பார்க்கவில்லை.

அவள் அப்போது பிள்ளையாண்டிருந்தாள்.

முதலில் தெரிந்தபோது இருவருக்கும் சந்தோஷம்தான். மச்சான் ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். நாலைந்து மாதம் ஆனபோது அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டு வருவதற்குள் இரண்டு இடத்தில் இறக்கி வைப்பாள். ஆட்டுக்கல்லில் உளுந்து அரைத்துக்கொண்டிருப்பவள் பாதியில் குழவியை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாள். ஒருநாள் நான் ஓட்டம் முடிந்து வந்தபோது அடுக்களையில் என்னவோ கடிக்கிற சத்தம். உடைந்த மண்சட்டியின் துண்டு அவள் வாயில் இருந்தது.

"ஏட்டி, என்ன தீனி இது? ஓடா?"

அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வாய் கேக்குது. வேற ஒண்ணும் இல்ல."

"கேவலமா இருக்கு. யாரும் கண்டா என்ன நெனப்பாவ?" என்றேன்.

இன்னொரு நாள் விடியலில் அவள் எழுந்திருக்கவில்லை. உளுந்தங்கஞ்சி ஆகவில்லை. எனக்குக் கோபம் வந்தது. வெறும் வயிற்றோடு கல்லைத் தூக்க முடியுமா? "இப்பிடிச் சோம்பிக் கெடந்தா உடம்பு எப்பிடி ஒறைக்கும்? நாலு சுத்து வேகமா நடந்தா மூச்சு தானா வரும். என்னப் பாரு, நான் எப்பிடிக் கெடந்தவன்?" என்றேன்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். "சோம்பல்தான்" என்றாள். போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே ஊதியிருந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தால் பெண்களுக்கு முகம் பளபளப்பு வரும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். அதுவாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

ஆள் எடுப்புக்குத் திருவனந்தபுரம் வரச்சொல்லித் தாள் வந்தது. அவளுக்கு அப்போது ஏழு முடிந்து எட்டாவது மாதம். கிளம்பும் முன் கடைசியாக ஒருமுறை நாரால் அளந்தாள். கையை என் முதுகுப் பக்கம் சுற்றிக் கொண்டு வருவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. "தாராளம். மூணுக்கு மேலயே வந்தாச்சு. தைரியமாப் போயிட்டு வாங்க" என்றாள். மச்சான் வீட்டிலிருந்து அவர் மனைவி துணைக்கு வருவதாக ஏற்பாடு.

பூ ஏற்றிய பஸ்ஸிலேயே போனேன். களியக்காவிளை தாண்டும்போது எனக்குப் பயமே இல்லை என்பதைக் கவனித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புதிய இடத்துக்குப் பயமில்லாமல் போகிறேன். மைதானத்தில் ஓட்டம் வைத்தார்கள், இரண்டாவதாக வந்தேன். கயிறு ஏறச் சொன்னார்கள், ஏறினேன். நாடாவோடு வந்த ஆள் மார்பை அளந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லி, முதுகில் ஒரு தட்டு தட்டினார். "கொள்ளாம். எவ்விடெயா வீடு?" என்று மலையாளத்தில் மெச்சிக் கேட்டார். தோவாளை என்றேன். தேர்ந்தவர்கள் பட்டியலில் என் பெயரை எழுதிக்கொண்டார்கள். அன்று நான் அடைந்த சந்தோஷத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அது முழுமையாக இருந்தது.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. அவள் அடுக்களைத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் மச்சானின் மனைவி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "காலத்தேயே நோவு கண்டாச்சு. வைத்தியத்தி வந்து பாத்துட்டு, எனக்கு ஒக்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னுட்டா. அவிய வண்டி பாக்கப் போயிருக்காவ, இன்னும் காணல்ல" என்றாள்.

நான் அவளைத் தூக்கினேன். ஒரு வருஷமாக எதற்கென்று வளர்த்தேனோ அந்தக் கைகளால் தூக்கினேன். தூக்கியபோது ஒரு அடி பின்னால் சாய்ந்தேன். பாரத்தால் அல்ல. பாரமே இல்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள், நான் தினமும் சுமந்த கல்லின் எடைகூட இல்லை. எட்டு மாதமாக அவளை நான் தொட்டுத் தூக்கிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மெயின் ரோடு வரை ஓடினேன். மூச்சு வாங்கவில்லை. அங்கே மச்சான் ஒரு வில்வண்டியோடு எதிரே வந்தார். ஏறினோம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வழியில் கண் திறந்து, "என்ன சொன்னாவ?" என்று கேட்டாள்.

"எடுத்தாச்சு."

"அளவு?"

"வேணும்னதுக்கு மேல அரை அங்குலம்."

"நான் அளந்தது சரிதான், பாத்தியளா" என்றாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு இல்லை. வெள்ளரிக்காயின் உட்சதைபோல வெளுத்திருந்தது. நகங்களைப் பார்த்தார். காலை அமுக்கிப் பார்த்தார், குழி விழுந்து அப்படியே நின்றது.

"உடம்பில் ரத்தமே இல்லை. இவள் என்ன சாப்பிடுகிறாள்?" என்று கேட்டார்.

"கஞ்சி... கிழங்கு..." என்றேன்.

"முட்டை? பால்? மீன்?"

அவர் நிமிர்ந்து முதல்முறையாக என்னைப் பார்த்தார். தோளைப் பார்த்தார், மார்பைப் பார்த்தார், சட்டைக் கைக்குள் இறுகி நின்ற புஜத்தைப் பார்த்தார். மறுபடி கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தார். உள்ளே கொண்டுபோகச் சொல்லிக் கை காட்டினார். அந்த நாடாக்காரர் அளந்தது என்ன அளவு? அந்த அம்மா கண்ணால் அளந்த அளவுதான் சரியான அளவு.

பிள்ளை பிறக்கும்போதே உயிர் இல்லை. ஆண் பிள்ளை. அவர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். அவள் இரண்டு நாள் இருந்தாள். தண்ணீர் கேட்டாள், ஆட்டைக் கட்ட ஆள் உண்டா என்று கேட்டாள், பிள்ளையைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஜன்னல் வெளிச்சம் கட்டில்வரை வந்த நேரத்தில் போய்விட்டாள். அவளுக்கு இருபது வயது.

வராந்தாவில் நானும் மச்சானும் இருந்தோம். அவர் கேட்டார், "முட்டை பிடிக்காதுன்னா சொன்னா?"

"ஆமா. மணமே ஆவாதுன்னா."

"சின்னதுல ஒரு முட்டைக்கு எங்கூட மல்லுக்கு நிப்பா வேய். அவிச்சத ரெண்டா வகுந்தா, மஞ்சக்கரு கூடுன பாதி எனக்குத்தான்னு நிலத்துல விழுந்து அழுவா." அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே பேசினார். "வாரத்துக்கு ரெண்டு தடவை நானும் அங்க வந்தேன். உமக்க நெஞ்சத்தான் பாத்தேன். அவ மொவத்தப் பாக்கல்ல. பாத்துருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். கூடப்பொறந்தவனுக்குத் தெரியாதா?"

அவர் என்னை அடித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து குழி வெட்ட ஆள் பார்க்கப் போனார்.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம் எனக்குப் பசித்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. துக்கத்தில் வயிறு அடைத்துப்போகும் என்பார்கள். என் உடம்பு ஒரு வருஷமாக நேரத்துக்கு நேரம் தின்று பழகியது. அதற்குத் துக்கம் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்தனுப்பிய கஞ்சியை முழுவதும் குடித்தேன். குடித்துவிட்டுக் கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அதன்பிறகு அந்த உடம்பைக் கெடுக்கப் பார்த்தேன். ஓடவில்லை, தின்னவில்லை, படுத்தே கிடந்தேன். பத்து நாளுக்குமேல் தாங்கவில்லை. பதினோராம் நாள் எழுந்து கிழங்கு அவித்துத் தின்றேன். அந்த உடம்பை உண்டாக்குவதற்கு ஒருத்தியின் உயிர் போயிருந்தது. நான் நினைத்தபோது கரைந்துபோகிற உடம்பாக அது இல்லை.

அந்த வேலைக்கு நான் போகவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. போனேன். சேரவேண்டிய நாளில் பெட்டியோடு பஸ் ஏறினேன். வேறு எங்கே போவது? அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. பூக்கடைக்குப் போனால் கூடை சுமக்கிற பெண்களின் நகத்தையும் கண்ணையும் பார்க்கத் தொடங்கிவிடுவேன். பயிற்சியில் மற்றவர்கள் கால் வீங்கி அழுதபோது எனக்கு எல்லாம் எளிதாக இருந்தது. என்னை முதல் வரிசையில் நிறுத்தினார்கள். வெயிலில் அசையாமல் நிற்கச் சொன்னால் எத்தனை நேரமும் நிற்பேன். தைரியசாலி என்று பெயர் வந்தது. சந்தைக் கலவரம் என்றால் என்னைத்தான் முன்னால் அனுப்புவார்கள். அது தைரியம் இல்லை. எனக்கு என்ன ஆனாலும் ஒன்றும் இல்லை என்று இருந்தது, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலிருக்கிறது.

இரண்டாம் கல்யாணத்துக்குப் பலபேர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. இன்னொரு பெண் என் தட்டில் சோறு போடுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் பரிமாறுகிறவர்களிடம், "நீங்க சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன். கிறுக்கு என்று சிரிப்பார்கள்.

மச்சானை மூன்று வருஷம் பார்க்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு லீவில் ஊருக்கு வந்தபோது ஆராதனைக்குப் போனேன். கோவில் நிறைந்திருந்தது. எல்லாரும் உட்கார்ந்த பிறகு, என் பக்கத்தில் இருந்த இடத்தில் ஒருவர் வந்து அமர்ந்தார். திரும்பிப் பார்த்தேன். மச்சான். கன்னம் ஒட்டி, தலை பாதி நரைத்திருந்தது. மராமத்து வேலையில் கல் தெறித்து ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள், நாங்களும் எழுந்தோம். அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனாலும் என் புத்தகத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பாட்டு முடிந்து உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டார், "உடம்பு எப்பிடி இருக்கு ஓய்?"

"நல்லா இருக்கு மச்சான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிரசங்கம் தொடங்கியது.